கீறலுக்கு என்ன விலை?

அமெரிக்காவில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளையைப் பெற்ற நேயர் ஒருவர் நமக்கு நாலு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். முதல் மூன்று பக்கமும் பிள்ளையின் பெருமை. நாலாம் பக்கத்தில்தான் விஷயம் வருகிறது. பிள்ளையாண்டானுக்குச் சிறு பிராயம் முதல் மின்சாரக் கிதாரில் மோகம். நன்றாகவே வாசிப்பானாம். இரண்டு வருஷ காலம் சிக்கனமாக இருந்து பணம் சேர்த்து, இப்போது ஏறக்குறைய ஒன்பதினாயிரம் டாலருக்கு ஒரு கிதார் பேசி முடித்து, முன்பணமும் கொடுத்துவிட்டான். கிதாருக்கு "1959-ம் வருஷத்து லெஸ்பால்" என்று பெயர். ஆனால் அது 1959-ல் செய்ததல்ல. சென்ற வருஷம் செய்தது.

இதுவாவது போகட்டும். பிள்ளை அனுப்பிய புகைப்படத்தைப் பார்த்ததும் அந்த அம்மாளுக்கு மயக்கம் வராத குறை. வார்னிஷ் பாளம் பாளமாக வெடித்திருக்கிறது. விளிம்பெல்லாம் தேய்ந்து மரம் தெரிகிறது. நிக்கல் முலாம் மங்கிக் கிடக்கிறது. "பழைய சாமானை உன் தலையில் கட்டிவிட்டான்!" என்று டெலிபோனில் அலறியிருக்கிறார். பிள்ளை பொறுமையாகப் பதில் சொன்னானாம்: "இல்லை, அம்மா! சாமான் புதிதுதான். பழசு மாதிரி இருக்கவேண்டும் என்று தொழிற்சாலையிலேயே கீறியிருக்கிறார்கள். கீறல் இல்லாதது இரண்டாயிரம் டாலர் குறைவு."

அன்று முதல் தமக்குத் தூக்கமில்லை என்று எழுதுகிறார். "எங்கள் அம்மா வாசித்த வீணையில் இதைவிட நல்ல கீறல்கள் இருக்கின்றன, அதற்கு அமெரிக்காவில் என்ன விலை கொடுப்பார்கள்?" என்றும் கேட்கிறார். வேடிக்கையாகக் கேட்டாலும் கடைசி இரண்டு வரிகள் வேடிக்கை அல்ல. அவன் பணம், அவன் இஷ்டம். ஆனால் அங்கே உத்தியோகம் இன்று இருக்கிறது, நாளை இல்லை. கையில் இருக்கும் பணம் இவ்வளவுதான். மாத முடிவுக்குள் வேண்டாமென்று சொன்னால் முன்பணம் திரும்பிவிடும். பிள்ளை ஏமாறுகிறானா, இல்லையா? இதுதான் கேள்வி.

ஏமாறவில்லை என்று முதலில் சொல்லிவிடுகிறோம். ஆனால் கொடுக்க வேண்டியதைவிட அதிகமாகக் கொடுக்கிறான் என்பது நம் அபிப்பிராயம். எப்படி என்று விளக்குவதற்குச் சற்றுப் பின்னால் போகவேண்டும்.

1940-களின் இறுதியில் கலிபோர்னியாவில் ஃபுல்லர்ட்டன் என்ற சிறிய ஊரில் லியோ ஃபெண்டர் என்று ஒருவர் இருந்தார். ரேடியோ ரிப்பேர் செய்கிறவர். கிதார் வாசிக்க அவருக்குத் தெரியாது. நாலு ஸ்க்ரூ போட்டுக் கழுத்தையும் உடலையும் முடுக்கி, எந்தப் பகுதி கெட்டாலும் கழற்றி மாற்றும்படியாக அவர் செய்த கெட்டிப் பலகைக் கிதார் 1950-ல் வெளிவந்தது. அதுதான் மறு வருஷம் டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்றது. 1954-ல் ஸ்ட்ராடோகாஸ்டர் வந்தது. சுருதியை நெளிக்கும் கைப்பிடியோடு சேர்த்து அதன் விலை 249 டாலர் 50 சென்ட்.

மிச்சிகன் மாகாணத்தில் கலமஸூ என்ற ஊரில் இருந்த கிப்ஸன் கம்பெனியார் பரம்பரைக் கிதார்க்காரர்கள். மரப்பலகைக்கு மின்சாரம் வைத்து ஒரு ரேடியோக்காரர் பணம் பண்ணுவதைப் பார்த்துச் சும்மா இருப்பார்களா? 1952-ல் பிரபல வித்வான் லெஸ்பாலின் பெயரை வைத்துத் தாங்களும் ஒன்று கொண்டுவந்தார்கள். மஹாகனி உடல், அதன்மேல் மேப்பிள் மரத் தட்டு, நம் வீணையில் தண்டியை ஒட்டுவதுபோல் வஜ்ஜிரம் போட்டு ஒட்டிய கழுத்து. கம்பெனியில் வேலை பார்த்த ஸெத் லவர் என்பவர், இரண்டு கம்பிச் சுருள்களை எதிரும் புதிருமாக வைத்து மின்சார இரைச்சலை அடக்கும் ஒரு 'பிக்கப்'பைக் கண்டுபிடித்தார். 1957-ல் அது லெஸ்பாலில் ஏறியது. 1958-ல் பொன் வர்ணத்தை விட்டுவிட்டு, மேப்பிள் மரத்தின் வரிகள் தெரியும்படி சூரியாஸ்தமன நிறம் பூசினார்கள். விலை, ஃபெண்டருடையதை ஒட்டி, 250 டாலருக்கு முன்பின்.

விற்கவில்லை! 1958 முதல் 1960 வரை மூன்று வருஷத்தில் ஏறக்குறைய 1,500 வாத்தியங்கள்தான் செய்தார்கள். பிறகு அந்த உருவத்தையே கைவிட்டார்கள். சில வருஷங்கள் கழித்து லண்டனில் எரிக் கிளாப்டன் என்ற இளைஞர் இந்தக் கைவிடப்பட்ட கிதாரில் ஒன்றை எடுத்துக்கொண்டு, ஜான் மேயாலின் கோஷ்டியோடு 1966-ல் வெளியான இசைத்தட்டில் வாசித்தார். அதன் பிறகு உலகம் அந்தக் கிதாரைத் தேட ஆரம்பித்தது. 1968-ல் கிப்ஸன் மறுபடியும் லெஸ்பால் செய்யத் தொடங்கிற்று. ஆனால் கைவிட்ட அந்தச் சூரியாஸ்தமனக் கிதாராக அது இல்லை. இன்று உண்மையான 1959-ம் வருஷத்து லெஸ்பால் ஒன்று லட்சக் கணக்கான டாலருக்கு விலை போகிறது. ரூபாய் அல்ல, டாலர்.

இந்த இடத்தில்தான் 'மறுபதிப்பு' பிறக்கிறது. அச்சில் இல்லாத புஸ்தகத்தைப் பழைய பிரதியைப் பார்த்து மறுபடியும் அச்சிடுவதுபோல, பழைய கிதாரை அளவெடுத்து மறுபடியும் செய்வது. இதை முதலில் உருப்படியாகச் செய்தவர்கள் அமெரிக்கர்கள் அல்ல, ஜப்பானியர். 1965-ல் ஃபெண்டர் கம்பெனி 130 லட்சம் டாலருக்குப் பெரிய ரேடியோ நிறுவனம் ஒன்றின் கைக்குப் போயிற்று. கிப்ஸனும் 1969-ல் கைமாறியது. கணக்கப்பிள்ளைகள் தச்சுப்பட்டறையை நடத்தினால் என்ன ஆகுமோ அதுவே 1970-களில் ஆயிற்று. அதே சமயம் ஹமமட்ஸு நகரத்தில் டோக்காய், மட்ஸுமோட்டோவில் ஃபுஜிகென் முதலிய பட்டறைகளில், 1950-களின் கிதார்களைத் திருகாணி திருகாணியாகப் பார்த்து நகல் செய்துகொண்டிருந்தார்கள். அசலைச் செய்த கம்பெனியின் புதுச் சரக்கைவிட இந்த நகல் பழைய அசலை அதிகம் ஒத்திருந்தது! ஃபெண்டர் கம்பெனியார் கெட்டிக்காரத்தனமாக 1982-ல் அதே ஃபுஜிகென் பட்டறையிலேயே தங்கள் பெயரில் கிதார் செய்ய ஏற்பாடு செய்துகொண்டார்கள். அமெரிக்காவிலும் அந்த வருஷமே 1957, 1962 மாதிரி ஸ்ட்ராடோகாஸ்டரும் 1952 மாதிரி டெலிகாஸ்டரும் மறுபதிப்பாக வந்தன. கிப்ஸனின் தனிப் பட்டறை தன் பழைய லெஸ்பாலை நுணுக்கமாக நகல் செய்யத் தொடங்கியது 1993-ல். தன்னுடைய நகலைத் தானே செய்வதற்கு அத்தனை காலம் பிடித்தது.

அதற்குப் பின்னும் ஓயவில்லை. 2013-ல் கழுத்தைப் பழைய முறைப்படி மிருக வஜ்ஜிரத்தால் ஒட்டினார்கள். 2015-ல் பிளாஸ்டிக் பாகங்கள்கூடப் பழைய மாதிரி என்று ஒரு தனி வரிசை வந்தது. இப்போதுதான் உள்ளபடியே 1959 மாதிரி ஆயிற்று என்று சில வருஷங்களுக்கு ஒரு தடவை விளம்பரம் வருகிறது. அப்படியானால் முன்னே வாங்கியவன் கையில் இருப்பது எந்த வருஷத்து மாதிரி என்று யாரும் கேட்பதில்லை.

சரி, நாதத்துக்கு வருவோம். அம்மாளும் பிள்ளையும் சண்டை போடுவது விலையைப் பற்றியே தவிர, கேட்க எப்படி இருக்கிறது என்று இருவரும் பேசியதாகக் கடிதத்தில் காணவில்லை. மின்சாரக் கிதாரில் எஃகுத் தந்தி ஒரு காந்தத்துக்கு மேலே அதிர்கிறது. காந்தத்தைச் சுற்றித் தலைமயிர் போன்ற செப்புக் கம்பியை, பழைய கிப்ஸன் பிக்கப்பில் சுருளுக்கு ஏறக்குறைய ஐயாயிரம் சுற்று, சுற்றியிருக்கிறார்கள். தந்தி அதிரும்போது அந்தச் சுருளில் மின்சாரம் உண்டாகிறது. அதைப் பெரிதாக்கி ஒலிபெருக்கியில் கேட்கிறோம். வீணையின் குடம் செய்கிற வேலையில் பெரும்பகுதியை இங்கே கம்பிச் சுருளும் ஒலிபெருக்கியும் பார்த்துக்கொள்கின்றன. மரத்துக்குச் சம்பந்தமே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. கழுத்தின் கனம், மரத்தின் எடை, மெட்டுகளின் வழுவழுப்பு, குதிரை பதிந்திருக்கும் விதம் எல்லாம் வாசிப்பவன் கைக்குத் தெரியும். கைக்குத் தெரிவது வாசிப்பிலும் தெரியும். ஆனால் 1959-ம் வருஷத்து நாதம் என்று ஒன்றே ஒன்று கிடையாது. அந்தக் காலத்தில் சுற்றுக்களை அத்தனை கண்டிப்பாக எண்ணவில்லை. ஒரு சுருளில் கூட, ஒன்றில் குறைவு. ஆகையால் ஒரே வருஷத்துக் கிதார்கள் இரண்டு ஒன்றுபோல் பேசா. எந்த ஒன்றுக்கு இது நகல் என்று கேட்டால் விற்பவனுக்கே பதில் சொல்வது கஷ்டம்.

பிடில் விஷயத்தில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 2010-ல் அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் நகரத்தில் ஓர் ஓட்டல் அறையில், 21 வித்வான்களின் கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டி, மூன்று பழைய இத்தாலிய பிடில்களையும் மூன்று புதுப் பிடில்களையும் கையில் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். பழையவற்றில் இரண்டு ஸ்ட்ராடிவாரி. எது பழசு, எது புதிது என்று பெரும்பாலோருக்குச் சொல்ல முடியவில்லை. மிகக் குறைவானவர்கள் விரும்பியது ஒரு ஸ்ட்ராடிவாரியைத்தான்! மரத்தையே முழுக்க நம்பியிருக்கும் பிடிலின் கதி இதுவென்றால், கம்பிச் சுருளை நம்பியிருக்கும் கிதாரைப் பற்றிக் கேட்பானேன்?

விலை உயர்ந்த மறுபதிப்பில் கொடுக்கும் பணமெல்லாம் வீண் என்று இதிலிருந்து முடிவு கட்டக்கூடாது. உண்மையான உழைப்புக்கும் பணம் போகிறது. எடை குறைந்த மஹாகனியைப் பொறுக்கி எடுக்கிறார்கள். கழுத்தின் ஒட்டு நீளமாக உள்ளே போகிறது. மெல்லிய நைட்ரோ செல்லுலோஸ் வார்னிஷைப் பல தடவை பூசி உலர விடுகிறார்கள்; நாளும் கூலியும் ஆகிற வேலை. ஃபெண்டரின் தனிப் பட்டறையில் அபிகேல் இபார்ரா என்ற அம்மாள் பிக்கப் சுற்றிக்கொண்டிருந்தார். 1956-ல் லியோ ஃபெண்டரின் காலத்திலேயே வேலைக்குச் சேர்ந்தவர். 2013-ல்தான் ஓய்வு பெற்றார். அவர் கையால் சுற்றிய சுருளுக்குக் கூட நாலு காசு கொடுத்தால் அது நியாயமான காசு என்போம்.

மரத்தைப் பற்றிப் பேசும்போது நம் தேசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய லெஸ்பாலின் விரல் பலகை பிரேஸில் தேசத்து ஈட்டி மரம். 1992-ல் சர்வதேச உடன்படிக்கை அதன் வியாபாரத்தைத் தடுத்துவிட்டது. அதனால் இன்றைய மறுபதிப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு விரல் பலகை நம் நாட்டு ஈட்டி மரம். நீலகிரியிலும் வயநாட்டிலும் குடகிலும் விளைகிற அதே ஜாதி. கிதார் மன்றங்களில் இதைச் சற்று மட்டமான பதிலி என்று பேசுகிறார்கள். நமக்குக் கோபம் வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மரத்துக்குக் கலமஸூவின் ஞாபகத்தைவிடக் குறைந்த மதிப்பா? 2011-ம் வருஷம் ஆகஸ்டு 24-ந் தேதி அமெரிக்க சர்க்கார் அதிகாரிகள் நாஷ்விலிலும் மெம்பிஸிலும் உள்ள கிப்ஸன் தொழிற்சாலைகளில் புகுந்து சோதனை போட்டு, இந்தியாவிலிருந்து வந்த ஈட்டிப் பலகைகளையும் கருங்காலிப் பலகைகளையும் பறிமுதல் செய்தார்கள். வேலைப்பாடு முடியாத மரத்தை வெளியே அனுப்பக் கூடாதென்று நம் நாட்டில் விதி. ஏற்றுமதி செய்த நாட்டின் விதியை மீறிய மரத்தை வாங்கினால் குற்றம் என்று அவர்கள் நாட்டில் சட்டம். விரல் பலகைக்கென்று அறுத்த துண்டு வேலை முடிந்த மரமா, முடியாத மரமா என்று பெரிய விவாதம். 2012-ல் சமரசமாயிற்று. கம்பெனியார் மடகாஸ்கர் கருங்காலி சம்பந்தமாக 3 லட்சம் டாலர் கட்டினார்கள். இந்திய மரம் அவர்களிடம் திரும்பி வந்தது. கச்சா மரமாக அனுப்பாமல் நம் தச்சர்கள் கைக்கும் வேலை கிடைக்கும்படி அனுப்பவேண்டும் என்பதில் நமக்கு ஆட்சேபம் கிடையாது. இரண்டு தேசத்துச் சட்டம் மோதிக்கொள்ளும் அளவுக்கு மதிப்புள்ள மரம் அது என்பதையாவது பிள்ளை தெரிந்துகொள்ளட்டும்.

இனிக் கீறல். இது எப்படி வந்தது? வேலை செய்து, பிரயாணம் செய்து, வியர்வை பட்டுத் தேய்ந்த பழைய கிதார்தான் உயர்ந்தது என்ற எண்ணம் வேரூன்றிய பிறகு, பளபளக்கும் புதுக் கிதாரோடு மேடை ஏறச் சிலருக்குக் கூச்சமாகிவிட்டது. 1995-ல் ஃபெண்டரின் தனிப் பட்டறை, தேய்த்து நசுக்கிய புதுக் கிதார்களை விற்க ஆரம்பித்தது. வின்ஸ் குனெட்டோ என்பவர் அந்த வேலையைச் செய்தார். கிப்ஸனில் டாம் மர்பி என்பவர் இதில் மேதை. 2021-ல் அவர் பெயராலேயே ஒரு பிரிவு தொடங்கினார்கள். அங்கே இலேசான பழமை, கனமான பழமை, அதிகக் கனமான பழமை என்று படிகள் வகுத்திருக்கிறார்கள். படி ஏற ஏற விலையும் ஏறும். கல்யாண வீட்டில் பட்டுப் புடவைக்குப் பதில் சாயம் போன புடவையை இரட்டை விலைக்கு வாங்குவதுபோல் நமக்குத் தோன்றுகிறது. ஆனால் கைவேலை என்ற முறையில் அது பெரிய வேலைதான். வார்னிஷை மயிரிழையாக வெடிக்கச் செய்து, அசலைப் பக்கத்தில் வைத்தால் கண் ஏமாறும்படி செய்வது எல்லோருக்கும் கைவந்த வித்தையா? அதில் ஒரு சிறு நன்மையும் உண்டு. கழுத்தின் பின்புறம் தேய்த்திருப்பதால் கட்டைவிரல் ஒட்டாமல் வழுக்கிப் போகிறது. முதல் கீறல் விழுந்துவிடுமோ என்ற பயமும் இல்லை.

அந்த நன்மைகள் இரண்டையும் ஒரு வருஷம் தினசரி வாசித்தால் காசில்லாமல் அடையலாம். நைட்ரோ செல்லுலோஸ் தானே மஞ்சளிக்கும், தானே வெடிக்கும், பெல்ட் பக்கிள் பட்டால் தேயும். மூன்று மாதம் ரப்பர் பூசிய நிறுத்தியில் சாய்த்து வைத்தால் வார்னிஷ் இளகி ஒட்டிக்கொள்ளும். அந்த வடு எந்தப் பட்டறையும் போடாத வடு. (இதைப் பிள்ளைக்கு அவசியம் எழுதவும். நிறுத்தியின்மேல் பருத்தித் துணியைச் சுற்றினால் போதும்.) ஆகவே கீறலுக்கென்று கூடக் கொடுக்கும் இரண்டாயிரம் டாலரை முதல் செலவாக வெட்டிவிடலாம் என்பது நம் தீர்ப்பு.

அடுத்தபடி, 1959 என்ற எண். கிப்ஸனின் தனிப் பட்டறை 1957, 1958, 1959 என்று மூன்று வருஷத்து மாதிரிகளையும் செய்கிறது. உடல் மஹாகனி அதே. பிக்கப் அதே குடும்பம். ஒட்டும் முறை அதே. 1959-க்கு என்ன விசேஷம்? மேப்பிள் தட்டில் புலி வரி அழகாக இருக்கும்; கழுத்து சற்று மெல்லிது. 1958-ல் வரி சுமார், கழுத்து பருமன். 1957-ல் வரியே தெரியாது. மேலே பொன் வர்ணம் பூசியாயிற்று. இந்த வித்தியாசத்துக்காக 1957, 1958 மாதிரிகள் ஆயிரம் டாலர் அளவுக்கோ அதற்கு மேலோ குறைந்து கிடைக்கின்றன. புலி வரி காதுக்குக் கேட்பதில்லை. பிள்ளையின் கை பெரிய கையானால் 1958-ன் பருமனான கழுத்தே அதற்கு இதமாக இருக்கும். கடைக்குப் போய் இரண்டையும் அரை மணி நேரம் வாசித்துப் பார்க்கட்டும். புகைப்படத்தைப் பார்த்துக் கிதார் வாங்குவது ஜாதகத்தை மட்டும் பார்த்துக் கல்யாணம் செய்வதுபோல.

மூன்றாவதாக, கீறல் போடாத மறுபதிப்பு ஒன்றை முதலில் வாங்கியவன், இரண்டு மூன்று வருஷம் பெட்டியில் வைத்துவிட்டு விற்கிறான். கடையை விட்டு வெளியே வந்ததுமே அதன் விலை கணிசமாக இறங்கிவிடுகிறது. அந்த நஷ்டம் அவனோடு போகட்டும். உயர்ந்த மறுபதிப்புகளில் கொடுத்த பணத்துக்கு அதிகம் கிடைக்கும் இடம் எது என்று யாரேனும் நம்மைக் கேட்டால், 1957 அல்லது 1958 மாதிரி, கீறல் போடாதது, 2013-க்குப் பின் செய்தது, இரண்டாம் கை என்று தயங்காமல் சொல்வோம். உத்தியோகம் போய் நாளைக்கே விற்க நேர்ந்தாலும் வாங்கிய விலைக்குப் பக்கத்தில் திரும்பும்.

இன்னும் துணிச்சல்காரர்களுக்கு ஒரு வழி உண்டு. லெஸ்பாலின் தலை பின்பக்கம் சாய்ந்திருக்கும். கீழே விழுந்தால் பிருடைகளுக்குச் சற்றுக் கீழே கழுத்து ஒடியும். இது அந்தக் கிதாரின் பிறவி வியாதி. நல்ல தச்சன் ஒட்டினால் ஒட்டுமிடம் கெட்டியாகவே இருக்கும். வாசிப்பில் ஒரு குறையும் தெரியாது. ஆனால் சேகரிப்பவர்களுக்கு அது மூளி. விலை பாதியளவுக்கு இறங்கிவிடும். ஆயுள் முழுவதும் தானே வாசிக்கப்போகிறவனுக்கு இதைவிட லாபம் வேறில்லை. விற்கும் எண்ணம் உள்ளவன் பக்கத்தில் போகக்கூடாது. நம் நேயரின் பிள்ளையின் நிலைமையில் நாம் இதைச் சிபார்சு செய்யத் தயங்குகிறோம்.

ஃபெண்டர் பக்கம் போனால் சங்கதி சுலபம். அங்கே நடுப்படி ஒன்று இருக்கிறது. 2022-ல் கலிபோர்னியாத் தொழிற்சாலை வெளியிட்ட பழைய மாதிரி வரிசை, வெளிவந்தபோது இரண்டாயிரம் டாலரைச் சற்றுத் தாண்டிய விலை. தனிப் பட்டறைக் கிதார் அதைப்போல் இரண்டு மடங்கு. நாலு ஸ்க்ரூவில் முடுக்கிய கிதாரில் இரண்டு மடங்கு வித்தியாசத்தைக் காட்டுவது கஷ்டம். தனிப் பட்டறைக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. கிப்ஸனில் இத்தகைய நடுப்படி இல்லாததுதான் குறை. சாதாரண வரிசைக்கும் தனிப் பட்டறை வரிசைக்கும் நடுவே பெரிய பள்ளம். அந்தப் பள்ளத்தில் நிற்பவை இரண்டு. ஒன்று ஜப்பானியச் சரக்கு: 1988 முதல் 1998 வரை 'ஆர்வில்' என்ற பெயரில், கிப்ஸனின் அனுமதியோடு செய்யப்பட்டவை, டோக்காயின் உயர்ந்த ரகங்கள். விலை முன்போல் கொள்ளை மலிவு அல்ல, ஆனாலும் மலிவுதான். மற்றொன்று கலமஸூவிலிருந்தே வருகிறது. 1984-ல் கிப்ஸன் தன் பழைய தொழிற்சாலையை மூடிவிட்டு நாஷ்விலுக்குப் போயிற்று. ஊரை விட்டுப் போக மனமில்லாத பழைய தொழிலாளிகள் சிலர் 1985-ல் அதே கட்டடத்தில், பார்ஸன்ஸ் தெருவில், 'ஹெரிடேஜ்' என்ற பெயரில் கிதார் செய்ய ஆரம்பித்தார்கள். அவர்களுடைய கிதாரின் தலையில் கிப்ஸன் என்று எழுதியிருக்காது. எழுத்துக்குக் கொடுக்கிற பணத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவன் பார்க்கவேண்டிய சரக்கு.

இரண்டாம் கையாக வாங்கும்போது ஜாக்கிரதை. போலி லெஸ்பால் ஏராளமாக உலவுகிறது. வரிசை எண்ணையும் அத்தாட்சிப் பத்திரத்தையும் கம்பெனிக்கு எழுதி ஒத்துப் பார்க்கவேண்டும். கழுத்துத் தலையடியில் விளக்கைப் பிடித்து ஒட்டு ரேகை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். மெட்டுகள் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன என்று விரலால் தடவவேண்டும். மெட்டு முழுவதும் மாற்ற நேர்ந்தால் சில நூறு டாலர் செலவு. பின்னால் ஊருக்குக் கொண்டுவரும் உத்தேசம் இருந்தால், இந்திய ஈட்டிப் பலகை வைத்த வாத்தியத்துக்கு 2019 நவம்பர் முதல் அந்தச் சர்வதேச உடன்படிக்கையின் அனுமதிச் சீட்டு தேவையில்லை. பிரேஸில் ஈட்டியானால் தேவை. "பிரேஸில் பலகை போட்டது" என்று ஆசை காட்டி யாராவது அதிக விலை சொன்னால், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட வேண்டியதுதான்.

ஆகவே, அம்மணி! முன்பணத்தைத் திரும்ப வாங்கச் சொல்லுங்கள். கிதாரே வேண்டாமென்று மட்டும் சொல்லாதீர்கள். இரண்டு வருஷம் ஆசைப்பட்டுச் சேர்த்த பணம். அந்நிய ஊரில் ஆபீஸ் முடிந்து தனி அறைக்கு வருகிற பையனுக்கு அது பேச்சுத் துணை. நாம் சொன்ன வழியில் போனால் பேசிய விலையில் பாதிக்குச் சற்று மேலே காரியம் முடியலாம். மிச்சம் பாங்கியில் இருக்கட்டும். அவனுக்கு ஒரு நல்ல ஒலிபெருக்கி இருக்கிறதா என்று கேட்டு எழுதவும். இல்லையென்றால் மிச்சத்தில் ஒரு பங்கு அதற்குத்தான் போகவேண்டும்.

தங்கள் தாயாரின் வீணையை அமெரிக்காவுக்கு அனுப்பவேண்டாம். அதற்கு மேளம் கட்டி எத்தனை வருஷமாயிற்று என்று கடிதத்தில் காணோம். மெழுகு இறுகி மெட்டுகள் ஆட்டம் கொடுத்தால், மழைக்காலத்துக்கு முன்பே ஆசாரியை வரவழைத்துப் பார்த்துவிடுவது நல்லது.